சீனம் தெரியாத தாய் ஞாயிற்றுக்கிழமைச் சீனப் பள்ளியில் எவ்வளவு ஈடுபட வேண்டும்?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்பதால், முதலில் அதை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கும் தமிழர். கணவர் தைவானின் தைச்சுங் நகரில் பிறந்து, மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர். ஏழு வயது மகன் இரண்டாவது ஆண்டாக ஞாயிறு பிற்பகல் சீனப் பள்ளிக்குச் செல்கிறான். ஒவ்வொரு பருவத்திலும் பெற்றோர் முறைவைத்துப் பள்ளிப் பணி பார்க்க வேண்டும் என்று விதித்து, அதற்கென முன்பணமும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆசிரியையோ, வீட்டுப்பாடத்தை நாள்தோறும் பெற்றோர் உடனிருந்து செய்விக்க வேண்டும் என்கிறார். கணவருக்கு வேலை நெருக்கடி. ஆகவே இரண்டு பொறுப்புகளும் சீனத்தில் ஓர் எழுத்தும் அறியாத உங்கள் தலையில் விழுந்திருக்கின்றன. சனிக்கிழமை இரவு எழுத்துப் பயிற்சி கண்ணீரில் முடிகிறது. "நான் எவ்வளவு ஈடுபட வேண்டும்? என் ஈடுபாட்டால் பையனுக்குச் சீனம் வருமா, அல்லது சம்பளம் வாங்காத ஆள் தேவை என்பதற்காகத்தான் பள்ளி இப்படிச் சொல்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளிக்குச் சம்பளம் வாங்காத ஆள் தேவை என்பது உண்மை. அதில் மறைப்பதற்கோ வெட்கப்படுவதற்கோ ஒன்றும் இல்லை. பையனுக்குச் சீனம் வருவது வேறு வகையான ஈடுபாட்டைச் சார்ந்தது. அது பெரும்பாலும் வீட்டில் நடப்பது, சீனம் தெரியாத உங்கள் கையிலும் அதில் பெரும்பங்கு இருக்கிறது. இந்த இரண்டையும் பள்ளிகள் 'பெற்றோர் ஒத்துழைப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் குழப்பம் வருகிறது. நான் பயன்முறை மொழியியல் படித்தவன்; அமெரிக்கக் கிழக்குக் கரையில் வார இறுதி மொழிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது பல ஆண்டுகளாக என் தொழில். நான் சென்ற பள்ளிகளில் சீனப் பள்ளிகளே மிகுதி. கொரிய, தமிழ்ப் பள்ளிகளும் உண்டு. இப்பள்ளிகள் கற்பிக்கும் பொதுச் சீனமான மாண்டரின் எனக்குத் தாய்மொழி அன்று, வகுப்பில் நடப்பதைப் பின்தொடரும் அளவுக்குக் கற்றிருக்கிறேன். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனத்தில் கொண்டு படியுங்கள்.

பள்ளி ஏன் உங்களிடம் வேலை வாங்குகிறது என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. அமெரிக்காவில் சீன மொழிக் கல்வி 1880களிலேயே சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிவிட்டது. சீனத் தொழிலாளரின் குடியேற்றத்தைத் தடைசெய்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. அன்றைய பள்ளிகள் சீனர் குடியிருப்புகளுக்குள், ஊர்ச் சங்கங்களின் பணத்தில், பெரும்பாலும் தென்சீனத்தின் கான்டனீஸ் மொழியில், வார நாள்களின் மாலையில் நடந்தன. சங்கத்துக்குக் கட்டடம் இருந்தது, ஆசிரியருக்கு ஊதியம் கிடைத்தது, பெற்றோர் சலவைக் கடையிலும் உணவகத்திலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகன் செல்லும் பள்ளி இந்த மரபின் நேரடி வாரிசு அன்று. 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு தைவானிலிருந்து மேற்படிப்புக்கு வந்து புறநகரங்களில் வீடு வாங்கிக் குடியேறியவர்கள், சனி ஞாயிறுகளில் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்துப் புதிய வகைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அடுத்த அலை சீனப் பெருநிலத்து மாணவர்களுடையது. 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டம் ஒடுக்கப்பட்டதை அடுத்து அமெரிக்காவில் தங்கிவிட்ட சீனக் குடிமக்களுக்கு நிரந்தர வசிப்புரிமைக்கு வழிவிட்ட மாணவர் பாதுகாப்புச் சட்டம் 1992இல் நிறைவேறியது. ஊருக்குத் திரும்புவதா இல்லையா என்ற ஊசலாட்டம் தீர்ந்தவுடன், பிள்ளைகளின் மொழி என்ன ஆகும் என்ற கவலை எழுந்தது. 1990களின் நடுவில், கோடுகள் குறைத்து எளிதாக்கப்பட்ட எழுத்தையும், சீன ஒலியை ரோமன் எழுத்தில் குறிக்கும் பின்யினையும் கற்பிக்கும் பள்ளிகள் பல மாநிலங்களில் முளைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். இரு தரப்புப் பள்ளிகளும் நாடு தழுவிய தத்தம் கூட்டமைப்பை ஒரே ஆண்டில், 1994இல், அமைத்துக்கொண்டன என்பது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன்.

இந்தப் புறநகர்ப் பள்ளிகளுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, புரவலர் இல்லை, நிரந்தர ஊழியரும் இல்லை. வார நாள்களில் வேதியியலாளராகவோ கணினிப் பொறியாளராகவோ இருக்கும் ஒருவர் ஞாயிறன்று தலைமையாசிரியர். ஆசிரியைகளில் பெரும்பாலோர் அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தாய்மார். அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் பெட்ரோல் செலவைச் சற்றே தாண்டினால் அதிகம். வாடகைக்கு விட்ட உயர்நிலைப் பள்ளி, வெளியாள் நடமாட்டத்தைக் கவனிக்க ஆள் வேண்டும், மேசைக்குள் இருக்கும் மாணவர் பொருள்களைத் தொடக் கூடாது, வெண்பலகை இருந்தபடி இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்திருக்கும். அந்த வேலைகள்தாம் பெற்றோர் பணிமுறையாக உங்களிடம் வருகின்றன: நடைவழியில் உட்கார்ந்திருப்பது, வருகைப் பதிவேடுகளைச் சேகரிப்பது, இடைவேளையில் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடாமல் பார்ப்பது, கடைசியில் நாற்காலிகளை வரிசைப்படுத்துவது. இவை எதற்கும் சீனம் தேவையில்லை. இவற்றைச் செய்வதால் உங்கள் மகனுக்கு ஒரு சீனச் சொல்கூடக் கூடுதலாக வரப்போவதும் இல்லை. ஆனால் யாரும் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு பள்ளி இருக்காது. முன்பணம் வாங்கும் பழக்கம் கடுமையாகத் தோன்றினாலும், அது இல்லாத இடங்களில் அதே ஐந்தாறு குடும்பங்கள் எல்லாப் பாரத்தையும் சுமந்து சில ஆண்டுகளில் களைத்து விலகுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பணிமுறையைக் கல்விக் கட்டணத்தின் இன்னொரு பகுதி என்று கொள்ளுங்கள். மகனின் மொழிக்கு அது என்ன செய்கிறது என்ற கணக்கோடு சேர்க்காதீர்கள்.

பள்ளியில் பெற்றோரின் இருப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் பள்ளி நிர்வாகிகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்பள்ளிகளைப் பொதுக் கல்வித் துறை வந்து பார்வையிடுவதில்லை. ஆசிரியருக்கு உரிமச் சான்று கட்டாயமில்லை. இந்தச் சுதந்திரம் போராடிப் பெற்றது. 1920களில் ஹவாய் ஆட்சிப்பகுதி, அயல்மொழிப் பள்ளிகளின் பாடநூல், நேரம், மாணவர் வயது ஆகிய அனைத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் சட்டங்களை இயற்றியது. அங்கே இருந்த 163 பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானியப் பள்ளிகள், 9 கொரியப் பள்ளிகள், 7 சீனப் பள்ளிகள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் அக்கட்டுப்பாடுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, தன் பிள்ளையின் கல்வியை வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதே அதன் அடிப்படைகளில் ஒன்றாக இருந்தது. அரசு கண்காணிக்காத இடத்தில் கண்காணிக்க வேண்டியவர் பெற்றோர்தாம் என்பது இதன் மறுபக்கம். நீங்கள் வகுப்பின் பின்வரிசையில் ஒரு நாள் அமர்ந்தால், சீனம் தெரியாமலேயே கவனிக்கக்கூடியவை நிறைய உண்டு. ஐம்பது நிமிட வகுப்பில் உங்கள் மகன் எத்தனை முறை வாய் திறந்தான்? திறந்தபோது எல்லோரும் சேர்ந்து ஒப்பித்த வரியா, அவனே சொன்ன விடையா? ஆசிரியை ஆங்கிலத்தில் பேசிய நேரம் எவ்வளவு? தாய் தந்தை இருவரும் வீட்டில் சீனம் பேசும் பிள்ளைகள் விடை சொல்லிமுடித்த பிறகு மற்றவர்களுக்கு முறை வருகிறதா? நான் ஆசிரியர்களைப் பார்வையிடும்போது குறிப்பேட்டில் முதலில் எழுதுபவையும் ஏறக்குறைய இவையே.

இனி மொழிக்கு வருவோம். இங்கே நேரக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். வாரம் இரண்டு மணி நேரம் மொழி வகுப்பு, ஆண்டுக்கு முப்பது வாரம் என்று வைத்தால் அறுபது மணி நேரம். பன்னிரண்டு ஆண்டு ஒரு நாளும் தவறாமல் போனாலும் 720 மணி நேரம்தான். ஆங்கிலம் பேசும் முதிர்ந்த மாணவருக்கு மாண்டரினில் தொழில்முறைத் தேர்ச்சி வர ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் பிடிக்கும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் தன் அனுபவத்தில் வகுத்த கணக்கு. சீனாவில் ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை சுமார் 3,000 எழுத்துகளை அடையாளம் காணவும் 2,500 எழுத்துகளை எழுதவும் வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் கூறுகிறது. அந்தப் பிள்ளை நாள் முழுவதும் சீனத்துக்குள்ளேயே வாழ்கிறது என்பதை மறக்கக் கூடாது. பெரியவர்களின் வகுப்பையும் சிறுவர்களின் வகுப்பையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும், ஞாயிறு வகுப்பு மட்டும் ஒரு மொழியைக் கொடுத்துவிடும் என்று சொல்ல வழியில்லை. ஆசிரியை வீட்டுப்பாடத்தை அள்ளிக் கொடுப்பது இந்தப் பற்றாக்குறை அவருக்குத் தெரிந்திருப்பதால்தான்.

பள்ளியால் நிரப்ப முடியாததை வீடு நிரப்புகிறது என்பதில் எங்கள் துறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிறுபான்மை மொழிகள் மீள்வதைப் பற்றி 1991இல் நூல் எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மேன், வீட்டுக்குள் தலைமுறை விட்டுத் தலைமுறை மொழி கைமாறாத இடத்தில் பள்ளிகளால் தனித்து அதைக் காப்பாற்ற இயலாது என்று வலியுறுத்தினார். உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான தரவு, அனிக் டி ஹவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு. பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில், பெற்றோரில் ஒருவரேனும் வேறு மொழி பேசும் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை அவர் ஆராய்ந்தார். அவற்றில் சுமார் நான்கில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த வேறு மொழியைப் பேசவே இல்லை. யார் எதைப் பேசினார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது படம் தெளிவானது. ஒருவர் பெரும்பான்மை மொழியை மட்டும், மற்றவர் சிறுபான்மை மொழியை மட்டும் பேசிய வீடுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் பிள்ளைகள் சிறுபான்மை மொழியைப் பேசினார்கள். இருவரும் பெரும்பான்மை மொழி பேசி, ஒருவர் மட்டும் கூடவே சிறுபான்மை மொழியையும் பேசிய வீடுகளில் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியதோடு நின்றது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் வீடு இப்போது இந்தக் கடைசி வகைக்குப் பக்கத்தில் இருக்கிறது: இருவரும் ஆங்கிலம், கணவர் அவ்வப்போது சீனம், நீங்கள் அவ்வப்போது தமிழ்.

இதிலும் உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு பெற்றோரே நிரப்பிக் கொடுத்த வினாத்தாள்களின் அடிப்படையிலானது. பிள்ளை பேசுகிறதா இல்லையா என்று கேட்டதே தவிர, எவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்று அளக்கவில்லை. பெல்ஜியம் அமெரிக்கா அன்று. வீட்டு மொழிப் பழக்கம் காரணமா, அல்லது மொழியில் ஏற்கெனவே பற்றுள்ள குடும்பங்கள் அந்தப் பழக்கத்தையும் வைத்துக்கொள்கின்றனவா என்பதையும் அத்தகைய ஆய்வு தீர்த்துவைக்காது. 'பள்ளியில் அதிகமாகப் பங்கேற்கும் பெற்றோரின் பிள்ளைகள் நன்றாகச் சீனம் பேசுகிறார்கள்' என்று பள்ளிக் கூட்டங்களில் சொல்லப்படுவதற்கும் இதே தடைதான். அப்படிப் பங்கேற்கும் பெற்றோர் பெரும்பாலும் வீட்டிலும் சீனமே பேசுகிறவர்கள். பிள்ளை எதனால் பேசுகிறது என்று அங்கே பிரித்தெடுக்க முடியாது. பங்கேற்பு மட்டுமே மொழியை வளர்த்தது என்று நிறுவிய நம்பத்தக்க ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. சமூகவியலாளர் மின் ஜோவின் ஆய்வுகள் காட்டும் பயன் வேறு: சீனப் பள்ளியின் நடைவழி பெற்றோருக்கு ஒரு தகவல் சந்தை. எந்தப் பள்ளி மாவட்டம் நல்லது, கல்லூரி விண்ணப்பத்துக்கு என்ன வேண்டும், வரி எப்படித் தாக்கல் செய்வது என்பதெல்லாம் அங்கே கைமாறுகிறது. அது உண்மையான பயன்தான், ஆனால் மொழிப் பயன் அன்று.

ஆகவே உங்கள் ஈடுபாட்டின் மிக முக்கியமான இடம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன். அது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கலப்புத் திருமணக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப நான் கண்டது இது: சீனம் தெரிந்த தந்தை மகனிடம் ஆங்கிலத்தில் பேசுவதற்குச் சோம்பலோ அக்கறையின்மையோ காரணமாக இருப்பதில்லை. சீனம் தெரியாத மனைவி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவரை விட்டுவிட்டுப் பேசுவது மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றுகிறது. தனியாக இருக்கும்போது சீனம், மனைவி வந்தவுடன் ஆங்கிலம் என்று மாறுகிறார். மூவரும் சேர்ந்திருக்கும் நேரமே மிகுதி என்பதால் மகன் காதில் சீனம் விழுவது குறைந்துகொண்டே போகிறது. இதை மாற்றக்கூடியவர் நீங்கள்தான். 'நான் இருந்தாலும் அவனிடம் சீனத்திலேயே பேசுங்கள், எனக்குப் புரியாவிட்டால் நானே கேட்டுக்கொள்கிறேன்' என்று நீங்கள் கணவரிடம் தெளிவாகச் சொல்லாதவரை அவராக அதைச் செய்ய மாட்டார். சொல்வது எளிது, சொந்த வீட்டில் பாதிப் பேச்சு புரியாமல் உட்கார்ந்திருப்பது எளிதன்று. எல்லா நேரமும் வேண்டாம். குளியல், பள்ளிக்குக் கிளம்பும் நேரம், இரவு உணவின் முதல் பாதி என்று சில பொழுதுகளைச் சீனத்துக்கு விட்டுக்கொடுத்தால், வாரக் கணக்கில் அது ஞாயிறு வகுப்பின் நேரத்தைப் பலமுறை தாண்டிவிடும். நீங்கள் மகனிடம் தமிழ் பேசுவதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. மூன்றாவது மொழி குழந்தையைக் குழப்பிவிடும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. நேரம் பங்கு போடப்படும் என்பது மட்டுமே உண்மை. அந்தப் பங்கீட்டில் ஆங்கிலத்திடமிருந்து எடுங்கள், தமிழிடமிருந்து எடுக்காதீர்கள். ஆங்கிலத்தைத் தெருவும் பள்ளியும் பார்த்துக்கொள்ளும்.

தாத்தா பாட்டியோடு பேசும் காணொளி அழைப்பையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு சிறு அரங்கேற்றமாக நடக்கிறது: "தாத்தாவுக்கு அந்தத் தாங் காலத்துப் பாட்டைச் சொல்லிக்காட்டு." பிள்ளை நாலு வரி ஒப்பித்துவிட்டு ஓடிவிடுகிறது, பெரியவர்கள் பிறகு ஒரு மணி நேரம் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அதைவிட, தாத்தாவும் பேரனும் மட்டும் ஒரே விளையாட்டையோ படக்கதையையோ வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பது மேல். தைச்சுங்கில் முதியவர்கள் தங்களுக்குள் தைவானிய ஹொக்கியன் பேசுவது வழக்கம். அது மகன் காதில் விழுந்தால் கெடுதல் இல்லை, பள்ளியில் கற்பிக்கும் மாண்டரின் அதுவன்று என்பதை மட்டும் நீங்கள் அறிந்திருந்தால் போதும்.

சனிக்கிழமைக் கண்ணீர் பற்றி நீங்கள் எழுதிய பத்தியில் ஒரு வரி என் கவனத்தை ஈர்த்தது: கணவர் உதவிக்கு வந்தாலும், 'எங்கள் ஊரில் இப்படி எழுத மாட்டோம்' என்று சொல்லி விலகிவிடுகிறார் என்கிறீர்கள். இதற்குத் தெளிவான காரணம் உண்டு. தைவானில் படித்த அவர் எளிதாக்கப்படாத மரபெழுத்தில் எழுதப் பழகியவர். ஒலியை 37 குறிகள் கொண்ட சூயின் முறையில் கற்றவர். மகனின் பள்ளி எளிதாக்கப்பட்ட எழுத்தையும், 1958இல் சீனா ஏற்ற, ரோமன் எழுத்தில் அமைந்த பின்யினையும் கற்பிக்கிறது. ஆக, சீனம் தெரிந்த தந்தைக்கும் மகனின் பயிற்சித்தாள் அரைகுறையாக அந்நியமாகவே தெரியும். இது சரிசெய்யக்கூடிய தடை. ஒலி அமைப்பு ஒன்றே என்பதால், அவர் பின்யினைச் சில மாலைகளில் கற்றுவிடலாம். எளிதாக்கப்பட்ட எழுத்தைப் படிப்பதும் தைவானில் கற்றவருக்கு விரைவில் பழகிவிடும். அந்தச் சிறு முயற்சியை அவர் எடுக்கட்டும். ஆசிரியை பெற்றோரிடம் எதிர்பார்க்கும் முதன்மையான வேலை, சொல்வதைக் கேட்டு எழுதும் 'திங்ஷியெ' பயிற்சிக்குச் சொற்களை வாசித்துக் கொடுப்பது. அதை நீங்கள் பின்யினைப் பார்த்து வாசித்தால், சொல்லின் பொருளையே மாற்றும் சுரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், தவறும், பையன் திருத்துவான், சண்டை வரும். கணவர் வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சொற்களைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வைத்துவிட்டால், அவர் அலுவலகத்தில் இருக்கும் நேரத்திலும் நீங்கள் அதை ஓடவிட்டு உடன் இருக்கலாம். நீங்களும் கற்க விரும்பினால் நல்லது. நம் காதுக்கு ஒரு சிறு வசதியும் உண்டு. பெய்ஜிங் என்ற ஊர்ப்பெயரின் முதல் ஒலி, ஆங்கிலேயர் அழுத்திச் சொல்வதைவிடச் சொல்லின் முதலில் வரும் நம் பகரத்துக்கே நெருக்கமானது. ஆனால் மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் இன்னொரு பகரமும் மாண்டரினில் உண்டு. தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால், இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிடுவது நமக்கு நேரும் வழக்கமான தடுமாற்றம்.

ஒவ்வோர் எழுத்தையும் பத்து முறை எழுதுவது தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். இது உண்மையாகவே கருத்து வேறுபாடு உள்ள இடம். பெய்ஜிங் பிள்ளைகளிடம் நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வு, சீனத்தில் படிக்கும் திறன் எழுதும் திறனோடு வலுவாகப் பிணைந்திருப்பதாகக் கூறியது. எழுதும் திறனை இழந்தவரும் படிக்க முடியும் என்று காட்டி அதன் வலிமையை ஐயுற்றவர்களும் உண்டு. கையால் எழுதுவது எழுத்தின் உறுப்புகளை மனத்தில் பதிக்கிறது என்பதை நான் ஏற்கிறேன். அதற்குப் பத்து முறை வேண்டுமா, மூன்று முறை போதுமா என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. இன்னொரு பக்கம், உங்கள் மகன் பதின்ம வயதில் எழுதப்போகும் தேர்வு பெரும்பாலும் ஏ.பி. எனப்படும், உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரி நிலைப் பாடத்தில் எழுதும் தேர்வுகளில் ஒன்றான சீன மொழி, பண்பாட்டுத் தேர்வாக இருக்கும். 2007இல் தொடங்கிய அந்தத் தேர்வு கணினியில் நடப்பது. விடையைப் பின்யினிலோ சூயினிலோ தட்டி எழுதலாம், மரபெழுத்தையும் எளிதாக்கப்பட்ட எழுத்தையும் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம், கையெழுத்தே கேட்கப்படுவதில்லை. ஏழு வயதில் ஒரு மணி நேரம் இருந்தால், அதில் கால் பங்கை எழுதுவதற்கும் மீதியைக் கேட்டுப் படிப்பதற்கும் கதை சொல்வதற்கும் கொடுப்பேன். ஆசிரியையிடம் இதை வாதமாக வைக்காமல், 'அவன் கண்ணீர் விடாமல் செய்யக்கூடிய அளவு எது, அதில் எதை முதலில் செய்ய வேண்டும்?' என்று கேளுங்கள். தானும் ஒரு தாய் என்பதால் அவர் பெரும்பாலும் குறைத்துக் கொடுப்பார். கொடுக்காவிட்டால், அளவை நீங்களே குறைத்துத் தாளின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்புவதில் தவறில்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, வேலைப் பங்கீட்டை உங்கள் வீட்டில் சற்றுத் தலைகீழாக்கலாம். வழக்கமாகத் தந்தை வண்டி ஓட்டிக் கொண்டுபோய் விடுவார், தாய் பாடம் பார்ப்பார். நீங்கள் வண்டி ஓட்டுங்கள், பணிமுறையை ஏற்றுக்கொள்ளுங்கள், நாற்காலி அடுக்குங்கள், புத்தாண்டு விழாவுக்கு ஆடை தைப்பதில் கை கொடுங்கள். மொழியை அவரிடம் விடுங்கள். வேலை நெருக்கடி என்று அவர் சொல்வதை நம்புகிறேன். அதனால்தான் அவருக்குக் கிடைக்கும் குறைந்த நேரம் நடைவழிக் காவலில் செலவாகக் கூடாது என்கிறேன். நீங்கள் அங்கே தனித்துப்போகக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடைவழிப் பேச்சு மாண்டரினில் இருக்கும், அறிவிப்புகள் வீசாட் குழுவில் சீன எழுத்தில் வரும். அந்தச் செயலியிலேயே செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும் வசதி உண்டு. நடைமுறைத் தகவலுக்கு அது போதும். பெற்றோர் காத்திருக்கும் நேரத்தில் பல பள்ளிகள் அவர்களுக்கென்றே தைச்சி என்ற சீன உடற்பயிற்சி, நடனம், பாட்டு வகுப்புகள் நடத்துகின்றன. மொழி தெரியாதவர் நுழைய அவை எளிய வாசல்.

பண்பாட்டு வகுப்பை நீங்கள் 'விளையாட்டு நேரம்' என்று சற்று இளக்காரமாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். தூரிகை எழுத்து, காகித வெட்டுக்கலை, கயிற்றில் சுழற்றும் சீனப் பம்பரம், சிங்க நடனம் ஆகியவற்றில் மொழி அதிகம் புழங்காது என்பது சரிதான். ஆனால் பதினொன்று பன்னிரண்டு வயதில் கால்பந்தும் நண்பர்களும் ஞாயிறைப் பங்கு கேட்கும்போது, வகுப்புகள் கண்முன்னே பாதியாகக் குறைகின்றன. அப்போது தங்கிவிடும் பிள்ளைகள் பலரைத் தங்க வைப்பது இலக்கணப் பாடம் அன்று, பம்பரக் குழுவும் அங்கே கிடைத்த இரண்டு நண்பர்களுமே. எனவே மகனுக்கு எது பிடித்திருக்கிறதோ அதைப் பாடத்துக்குத் தண்டனையாகப் பறிக்காதீர்கள்.

கடைசியாக, அடுத்த ஆண்டுப் பதிவுக்கு முன் செய்ய வேண்டிய ஒன்று. பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு தடங்கள் உண்டு: வீட்டில் சீனம் பேசும் பிள்ளைகளுக்கு ஒன்று, பேசாத பிள்ளைகளுக்கு இருமொழி வகுப்பு என்ற பெயரில் இன்னொன்று. தந்தையின் பெயரைப் பார்த்து உங்கள் மகனை முதல் தடத்தில் சேர்த்திருக்கக்கூடும். அவன் அங்கே எல்லோருக்கும் பின்தங்கித் திணறுகிறான் என்றால் கண்ணீருக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பின்வரிசையில் அமர்ந்து பார்த்த பிறகு, ஆசிரியையிடமும் இருமொழி வகுப்பின் ஆசிரியரிடமும் பேசி, ஒரு ஞாயிறு அந்த வகுப்பில் அவனை உட்கார வைத்துப் பாருங்கள். மாமனார் மாமியாரிடம் இதை இறக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கணவர் பேசும் சீனம் கூடிவந்தால், இரண்டு ஆண்டுகளில் அவன் முதல் தடத்துக்கே திரும்பலாம். தடம் மாறுவதற்கு வாய்ப்பு உண்டா, அதற்கு என்ன தேர்வு வைக்கிறார்கள் என்பதையும் பதிவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.